படமேற்றமும் நகர ஓவியமும்: றொபேட் றோஷன்பேர்க்கின் கலை பற்றிய ஓர் ஆய்வு

நகரத்தை ஓவியத்திற் காட்ட முயன்றோர் யாவரும் ஒரு தொல்லையை எதிர்நோக்கியுள்ளனர். மலையையோ கடற்கரையையோ தீட்டுபவன் ஓரிடத்தில் நின்று, ஒரு பொழுதைத் தெரிந்து, கண்டதைக் கண்டவாறு வரைந்துவிடலாம். நகரமோ அவ்வாறு ஒரு பார்வைக்குள் அடங்குவதன்று. பழைய தெருவொன்றின் மதிலை நோக்கினாலே இது தெளிவாகும். சென்ற ஆண்டின் தேர்தற் சுவரொட்டிமீது இவ்வாண்டின் திரைப்பட விளம்பரம். அது கிழிந்த வாயிலாக அடியிலுள்ள பழங்கடையின் பெயரில் இரண்டெழுத்து. அதற்கும் அடியிற் சுண்ணாம்பு. சுண்ணாம்பு உதிர்ந்தவிடத்துச் செங்கல். அம்மதிலின் முன்னே நடந்து செல்பவன் இவற்றுள் ஒன்றையேனும் முழுமையாகக் காண்பதில்லை. ஆயினும் எல்லாவற்றையுஞ் சிறிது சிறிது கண்டே செல்கின்றான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வெனிசு நகரைத் தீட்டிய கனலெற்றோவின் படங்களிற் சாளரங்களை ஒவ்வொன்றாய் எண்ணலாம்; கால்வாயின் நீரிற் படகின் நிழல் எவ்வளவு நீண்டது என்றும் அளக்கலாம். அத்தெளிவு வியக்கத்தக்கதே. ஆனால் அப்படங்களிற் காணும் வெனிசு ஒரு நாளின் ஒரு நாழிகையிலே உறைந்து நின்றுவிட்ட வெனிசு. அங்கே பழையது புதியதன் கீழிருந்து எட்டிப் பார்ப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டிற் சில ஓவியர் இக்குறையை உணர்ந்து வேறொரு வழியை நாடினர். தாள், துணி, வர்ணம், அச்செழுத்து, நிழற்படம் முதலிய பலவகைப் பொருள்களை ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி, அடியிலுள்ளது மேலுள்ளதனூடே கசிந்து தோன்றுமாறு நகரத்தை அமைத்தனர். அவர்கள் கையாண்ட உபாயங்களுள் முக்கியமானது, அச்சிட்ட நிழற்படத்தின் மையை அதன் தாளினின்றும் கிளப்பிப் பிறிதொரு பரப்பிலே பதியச் செய்வதாகும். இதனைப் படமேற்றம் என்று வழங்குதல் பொருந்தும்.

இம்முறைக்கெதிராக எழுப்பப்படும் வாதம் எளியது, வலிமையுடையதுங்கூட. பிறர் எடுத்த நிழற்படத்தைத் தேய்த்து ஒட்டுபவன் எங்ஙனம் ஓவியன் ஆவான்? சிறுவர் நீரில் நனைத்துத் தம் கொப்பியிற் பதிக்கும் வர்ணப்படத்துக்கும் இதற்கும் வேற்றுமை யாது? இவ்வினாவை ஒதுக்கிவிட்டு இக்கலையைப் புகழ்வோரின் புகழுரை பயனற்றது. விடையைப் பொதுக் கோட்பாடுகளிலே தேடுவதினும், இம்முறையைத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியிற் கையாண்ட அமெரிக்க ஓவியர் றொபேட் றோஷன்பேர்க்கின் (1925–2008) படங்களிலே தேடுதல் நன்று.

முதற்கண் தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். சஞ்சிகையின் ஒரு பக்கத்திலே தேர்ப்பந்தைனையோ, சிகரெற் பற்றவைக்கும் லைற்றரில் ஊற்றும் எண்ணெயையோ தடவினால் அச்சுமை இளகும். அப்பக்கத்தை வெள்ளைத்தாளின்மீது முகங்குப்புற வைத்து, அதன் முதுகை மை வற்றிய குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி உரோஞ்சினால், உரோஞ்சியவிடத்து மை கீழ்த்தாளிற் பதியும். உரோஞ்சாதவிடம் வெறுமையாய் நிற்கும். றோஷன்பேர்க் கையாண்ட முறை இதுவே. பிற்காலத்தில் அக்கிரிலிக் பசையைக் கொண்டு இதனைச் செய்யும் வழக்கம் பரவிற்று. பலகையிலே பசையைப் பூசி, அதன்மேல் லேசர் அச்சுப் பொறியிற் பெற்ற படத்தை முகங்குப்புற ஒட்டி, ஓரிரவு உலரவிட்டு, மறுநாள் நீரால் நனைத்து விரலால் மெல்லத் தேய்ப்பர். தாள் கூழாகித் திரள் திரளாய் உருண்டு வர, மை மாத்திரம் பசையுட் சிறைப்பட்டு எஞ்சும். லேசர் அச்சின் மை பிளாத்திக்குத் தன்மையுடைய தூளாதலின் நீரிற் கரைவதில்லை. மைத்தாரைப் பொறியிற் பெற்ற படமோ பெரும்பாலும் நனைந்தமாத்திரத்தே கலங்கிவிடும். ஈரமாய் இருக்கையிலே தெளிவாகத் தோன்றிய படம் உலர்ந்தபின் வெண்மூட்டம் போர்த்துக்கொள்ளும். எஞ்சிய தாள்நாரே அதற்குக் காரணம். மீண்டும் நனைத்துத் தேய்த்தால் மூட்டம் நீங்கும். அளவு மீறித் தேய்த்தாற் படமே நீங்கும்.

எவ்வழியிற் செய்யினும், ஏறிய படம் மூலப்படமாய் இருப்பதில்லை. இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். எழுத்துக்கள் கண்ணாடியிற் கண்டாற்போலத் தலைமாறி நிற்கும். ஓரங்கள் சிதையும், நடுவே பொட்டல்கள் விழும். தாளின் கனம் போய்விட்டமையால் அடியிலுள்ள வர்ணமும் வரியும் ஊடே தெரியும். ஒட்டிய தாளுக்கும் ஏற்றிய படத்துக்குமுள்ள வேற்றுமை இங்கேதான் உளது. ஒட்டிய தாள் அடியிலுள்ளதை மறைக்கும். ஏற்றிய படம் அதனோடு கலக்கும்.

கை எங்கே என்று வினவுவோர்க்கு இவ்விடத்தே ஒரு மறுமொழி உண்டு. இங்கே கையானது கட்டடத்தின் கோட்டை இழுப்பதில்லை. எவ்வளவு பதியலாம், எவ்வளவு விடலாம் என்பதைத் தீர்ப்பதே அதன் வேலை. நிழற்படக் கருவி தன் முன்னுள்ள அனைத்தையும் வேறுபாடின்றி வாரிக்கொள்வது. மனிதக் கண் அவ்வாறு வாருவதில்லை. படமேற்றுபவன், கருவி வாரித்தந்ததைக் கண்ணின் அளவுக்குக் குறைத்துக் கொள்கின்றான். குறைப்பதிலும் நன்று தீது உண்டு. எனவே அதிற் கலையும் உண்டு. இதனை மறுப்போர், கல்லிலே வேண்டாதவற்றை நீக்குபவனே சிற்பி என்பதையும் மறுத்தல் வேண்டும்.

படமேற்றம் கலைக்கெனத் தோன்றியதன்று என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே யோன் சட்லர், கை கிறீன் என்னும் இருவர் செதுக்குத் தகட்டின் படத்தைத் தாள் வாயிலாக மண்ணோட்டிலே பதிக்கும் முறையைக் கையாண்டு, 1756ஆம் ஆண்டில் ஆறு மணி நேரத்துள் ஆயிரத்திருநூறுக்கு மேற்பட்ட ஓடுகளில் அச்சிட்டதாகச் சத்தியக் கடதாசி முடித்தனர். பீங்கானில் நீலப் பூவும் நீலப் பாலமும் மலிந்தது இவ்வகைத் தொழிலினாலேதான். அவர்கள் நோக்கம் படம் சிறிதுஞ் சிதையாமல் ஆயிரம் முறை வருதல்; றோஷன்பேர்க்கின் நோக்கம் ஒருமுறை வந்தது மற்றொருமுறை அவ்வாறே வாராமை. கருவி ஒன்றாயினும் கருத்து நேர்மாறானது.

றோஷன்பேர்க்குக்கு முன்னரே நிழற்படங்களால் நகரமமைத்தோர் இருந்தனர். பேர்லினிற் பிறந்து வைமார் நகரின் பௌஹவுசுக் கலைக்கூடத்திற் பயின்ற போல் சித்ரோன், 1923ஆம் ஆண்டிலே 'மெற்றோபோலிஸ்' என்னும் ஒட்டுச்சித்திரத்தை ஆக்கினார். ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் உயரமுள்ள அப்பரப்பிலே இருநூறளவான நிழற்படங்களும் தபாலட்டைகளும் வெட்டி நெருக்கி ஒட்டப்பட்டுள்ளன. அடுக்குமாடிகள், பாலங்கள், தண்டவாளங்கள், கூரைகள் யாவும் ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன, வானத்துக்கு இடமேயில்லை. லைடன் பல்கலைக்கழகத் தொகுப்பிலுள்ள இச்சித்திரம் பெருநகரின் மூச்சுமுட்டலைக் காட்டுவதில் நிகரற்றது. எனினும் அதனை நெடுநேரம் நோக்குபவர்க்கு ஒரு சலிப்புத் தோன்றுதல் இயல்பே. அங்கே ஒவ்வொரு துண்டும் கத்தரித்த ஓரத்தோடு முழுமையாய் நிற்கின்றது. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. பக்கத்தில் மாத்திரம் நிற்கின்றது. இட நெருக்கம் உண்டு. காலத்தின் அடுக்கு இல்லை. சித்ரோனின் நகரம் ஒரே நாளிற் கட்டியெழுப்பியதுபோலப் புத்தம்புதிதாய் இருக்கின்றது.

றோஷன்பேர்க் ரெக்சாஸ் மாநிலத்தின் போட் ஆதர் என்னும் எண்ணெய் நகரிற் பிறந்தவர். பிளக் மவுண்டன் கல்லூரியில் யோசேப் அல்பேர்சிடம் பயின்றபின் நியூயோர்க்கிற் குடியேறினார். 1952இற் கியூபாவில் இருந்தபோது படமேற்றத்தை முதன்முதலாக முயன்று பார்த்தார். ஆனால் அதனை ஒரு கலைமொழியாக அவர் ஆக்கிக்கொண்டது 1958இல் தொடங்கி 1960இல் முடித்த தாந்தே வரிசையிலேயே. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரக காண்டத்திலுள்ள முப்பத்துநான்கு படலங்களுக்கும் படலத்துக்கு ஒன்றாக முப்பத்துநான்கு படங்களை அவர் ஆக்கினார். அவை நியூயோர்க் நவீனகலை நூதனசாலையில் உள்ளன. ஒவ்வொன்றும் மாணவனொருவனின் வரைதற்றாளினும் பெரிதன்று.

நரகத்துக்கும் நகரத்துக்கும் என்ன தொடர்பு என்று ஐயுறுதல் வேண்டா. தாந்தேயின் நரகமே ஒரு நகரம். தன் ஊராகிய புளோரன்சினின்றும் நாடுகடத்தப்பட்ட புலவன், அவ்வூர் மாந்தரையே கீழுலகின் தெருக்களிற் குடியேற்றினான். எட்டாம் ஒன்பதாம் படலங்களில் இரும்பு மதிலும் தீயிற் சிவந்த கோபுரங்களுமுடைய டீஸ் என்னும் பட்டணம் வருகின்றது. முப்பத்தோராம் படலத்திலோ, மங்கலிலே தொலைவில் நிற்கும் அரக்கரைக் கோபுரங்கள் என மயங்கிய தாந்தே, இஃது எந்த நகரம் என்று வழிகாட்டியை வினவுகின்றான். மனிதவுடலும் கட்டடமும் ஒன்றாய்த் தோன்றும் அம்மயக்கம் படமேற்றத்துக்கென்றே அமைந்ததுபோலும்.

றோஷன்பேர்க் அந்நரகத்துக்குத் தம் காலத்துச் சஞ்சிகைகளிலிருந்து மாந்தரைத் தெரிந்தார். அரக்கருக்கு விளையாட்டுச் சஞ்சிகைகளிற் கண்ட திண்டோள் வீரர். பிற இடங்களிற் கெனடி, நிக்சன் முதலிய அரசியல்வாதிகள், பந்தயக் கார்கள், முகமூடியணிந்த காவலர். தாந்தேயாக வருபவனோ இடையிலே துவாய் சுற்றிய ஒரு சாதாரண மனிதன். கோல்ப் விளையாட்டுக் கோலுக்கான விளம்பரமொன்றினின்றும் எடுக்கப்பட்டவன். உலகப் பெருங்காவியமொன்றின் தலைவனுக்குத் துவாய் உடுத்தியதை அவமதிப்பு என்று கருதுவோர் உளர். அது பொருந்தாது. தன் ஊராரின் பெயரைக் கூசாமற் சொல்லி நரகிலிட்ட புலவனுக்கு, அன்றைய செய்தித்தாளின் முகங்களே ஏற்ற முகங்கள்.

இப்படங்களில் முதலிற் கண்ணைக் கவர்வன உருவங்கள் அல்ல, உரோஞ்சிய வரிகளே. பேனா முனை மேலுங் கீழுமாய், சாய்வாய், சிலவிடத்து விரைந்தும் சிலவிடத்துத் தயங்கியும் ஓடிய தடமெல்லாம் உருவத்தின்மேல் மழைக்கோடுகள்போல் விழுந்திருக்கின்றன. ஒரு முகம் அவ்வரிகளின் ஊடே பாதி தெரிகின்றது, மறுபாதி வெண்தாள். ஓடும் தொடர்வண்டியின் சாளரத்தினூடே எதிர்ப்பக்கத்து மனிதன் ஒருவனைக் கண்ட காட்சியை அது நினைவூட்டும். நீர்வர்ணமும் பென்சிலும் அங்கங்கே இவ்வுருவங்களைச் சூழ்ந்து, சிலவிடத்து அழித்தும் நிற்கின்றன. முதலில் எது பதிந்தது, பின்னர் எது வந்தது என்பதை முற்றாய்ப் பிரித்தறிதல் அரிது.

தமிழிலக்கணம் வல்லார்க்கு இந்நிலை புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புக்களுள் எச்சத்தையும் ஒன்றாக வைத்து எண்ணும். சொல்லாது விட்டதும் செய்யுளுக்கு உறுப்பாம் என்பது அதன் கருத்து. விடுபட்டது எதுவாயினும் எச்சமாகிவிடாது என்பதையும் உடன் கொள்ளல் வேண்டும். கேட்போன் தானே நிரப்பிக்கொள்ளுமாறு சொன்னவற்றின் நடுவே அது இடம்பெற்றிருந்தாலன்றிக் குறையென்றே அது கொள்ளப்படும். றோஷன்பேர்க்கின் வெண்தாள் எச்சமா, குறையா? தாந்தே வரிசையைப் பொறுத்தவரை அது எச்சமே. ஏனெனில் அங்கே விடுபட்ட பாதி முகத்தைக் காண்போன் தன் நினைவிலிருந்தே நிரப்புகின்றான். அவ்வாறு நிரப்பும்போது அந்நரகத்துள் தான் அறிந்த ஒருவனைக் கண்டுவிடுகின்றான்.

இவ்வாறே, நகரத்தை ஒரே நோக்கில் அடக்காது பொழுதுகளின் அடுக்காகக் காட்டும் நெறியும் தமிழுக்குப் பழையது. மதுரைக்காஞ்சி மதுரையின் பகலங்காடியில் தொடங்கி அல்லங்காடியூடே சென்று, இரவின் யாமங்களைக் கடந்து விடியலை அடைகின்றது. ஒரே தெரு பல பொழுதுகளிற் பல தெருவாகின்றது. ஆனால் செய்யுள் ஒன்றன்பின்னொன்றாய்ச் செல்லவல்லது. ஓவியமோ எல்லாவற்றையும் ஒரே பரப்பில் ஒருங்கே வைக்கவேண்டியது. அதனாலேயே ஓவியனுக்கு மறைத்தலும் கசியவிடுதலும் இன்றியமையாதன ஆயின.

1962ஆம் ஆண்டில் றோஷன்பேர்க்கின் தொழில்முறை மாறிற்று. அவ்வாண்டில் அண்டி வோர்ஹோல் நிழற்படத்தைப் பட்டுத்திரையிலே பதித்து, அத்திரையூடே மையைக் கன்வசில் இழுத்து அச்சிடத் தொடங்கியிருந்தார். அதனைக் கண்ட றோஷன்பேர்க் தாமும் அம்முறையைக் கைக்கொண்டார். சஞ்சிகைப் படத்தின் அளவே படமேற்றத்தின் அளவாகும். பட்டுத்திரையிலோ படத்தை வேண்டியவாறு பெருக்கலாம், ஒரே படத்தைப் பல இடங்களில் வைக்கலாம். சிறுதாளிலே அடங்கியிருந்த கலை சுவரளவுக்கு விரிந்தது. 1962–63இல் ஆக்கிய 'பார்ஜ்' என்னும் படத்தின் நீளம் முப்பத்திரண்டு அடி. அதில் நெடுஞ்சாலைகள் பின்னிப் பிரியும் சந்தியும், கண்ணாடி நோக்கும் வேலாஸ்குவேசின் வீனசும் ஒரே கருநிறத்தில் அடுத்தடுத்து வருகின்றன. பெயருக்கேற்ப அது ஒரு சுமைப்படகு, சரக்கு மிகுதி. அப்பெருமிதத்தைப் போற்றலாமேயொழிய, அதனுள் ஓரிடத்தில் நின்று தங்கக் கண்ணுக்கு வாய்ப்புக் குறைவு.

1963ஆம் ஆண்டின் 'எஸ்ரேற்' அவ்வாறன்று. பிலடெல்பியாக் கலை நூதனசாலையிலுள்ள எட்டடி உயரமான இப்படமே அவருடைய நகர ஓவியங்களுள் தலையாயது எனலாம். நியூயோர்க்கின் பழைய கட்டடங்களும், தெருப்பெயர்ப் பலகைகளும், சுதந்திர தேவியின் சிலையும், மைக்கேல் ஆஞ்சலோ தீட்டிய இறுதித் தீர்ப்போடு கூடிய சிஸ்ரைன் தேவாலயமும், ஒரு குவளை நீரும் இதில் வருகின்றன. இவற்றின்மேலும் இடையிலும் தூரிகையின் தடித்த வீச்சுக்கள் மஞ்சளும் பச்சையும் நீலமுமாய்க் குறுக்கிடுகின்றன. பட்டியலாகச் சொல்லும்போது இது கதம்பமாகவே தோன்றும். படத்திலோ நிலை வேறு. தெருப்பலகை சாய்ந்து நிற்கின்றது. சந்தியிலே திசைதெரியாது நின்றவன் அண்ணாந்து பார்த்த சாய்வு அது. தேவி சிறிதாகித் தொலைவிற் போய்விட்டாள். அந்நகரில் வாழ்பவனுக்கு அவள் எப்போதும் அவ்வளவு தொலைவிலேயே நிற்பவள். தேவாலயத்தின் உட்புறம் மாத்திரம் இவ்வூரதன்று. நகரவாசியொருவன் சஞ்சிகையிற் கண்டு மனத்திற் சேர்த்துவைத்த உடைமை அது. 'எஸ்ரேற்' என்னும் சொல்லுக்கு ஒருவன் விட்டுச்செல்லும் ஆதனம் என்ற பொருளும் உண்டு என்பதை இவ்விடத்தே நினைத்தல் தகும். கண்ணாற் கண்டதும் கேட்டறிந்ததும் ஒருவன் உள்ளத்தில் ஒரே அடுக்கிற் கிடப்பதை இதனினும் நேர்மையாய்க் காட்டிய படங்கள் மிகச் சில.

பட்டுத்திரையால் இழந்ததும் உண்டு. திரையூடே வந்த படம் தலைமாறுவதில்லை; பேனாவின் வரித்தடமும் இல்லை. அந்த இழப்பை ஈடுசெய்யவே தூரிகை வீச்சுக்கள் அத்தனை வேகத்தோடு வந்தன போலும். 1964இல் வெனிசுக் கலைவிழாவின் ஓவியப் பெரும்பரிசு அவருக்குக் கிடைத்தது. உடனே அவர் நியூயோர்க்குக்குத் தொலைபேசியிற் பேசித் தம் கூடத்திலிருந்த திரைகளை அழித்துவிடுமாறு சொன்னார். பரிசுபெற்ற வழியிலேயே பழகிச் சோர்ந்துவிடுவோமென்று அஞ்சிய கலைஞனின் செயல் அது. பரிசு பெற்றதும் தம்மைத் தாமே படியெடுக்கத் தொடங்கும் எழுத்தாளர் மலிந்த உலகில் இது அருமையான செயலே.

பின்னர் அவர் படமேற்றத்துக்கே மீண்டார். 1974 முதல் 1976 வரை ஆக்கிய 'ஹோர்பிறொஸ்ற்' வரிசையில், பட்டு, பருத்தி, வலைத்துணி ஆகியவற்றிலே சஞ்சிகைப் படங்களை ஏற்றி, சட்டமின்றிச் சுவரில் தொங்கவிட்டார். உறைபனி என்பது அப்பெயரின் பொருள். மெல்லிய துணிமேல் மெல்லிய துணி. காண்போன் அருகே வந்தால் மூச்சுக்காற்றிலே அவை அசையும். முன்னே உள்ளதும் பின்னே உள்ளதும் கணந்தோறும் இடம்மாறும். அடுக்கு என்பது இங்கே உண்மையாகவே அடுக்காயிற்று.

ஆனால் இவ்வரிசையினின்றே அவர் கலைக்கெதிரான வலிய குற்றச்சாட்டும் எழுந்தது. 1974இல் வெளியான 'புல்' என்னும் துணிப்பதிப்பின் நடுவே, நீரிற் பாயும் ஒருவனின் உருவம் உளது. அது மோட்டன் பீப் என்னும் நிழற்படக் கலைஞர் எடுத்த படம். நிழற்படக் கருவி விளம்பரமொன்றில் வந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 1980இல் அது இணக்கத்தில் முடிந்தது. ஒட்டுச்சித்திரம் என்ற கலையே கண்டெடுத்தவற்றால் ஆயது என்பது றோஷன்பேர்க்கின் நிலை. இதனை எளிதில் ஏற்றுக்கொள்ள இயலாது. குப்பையிற் கிடந்த தாள்துண்டுக்கும், ஒருவன் நெடுநாள் முயன்று, ஒளியும் நேரமும் பார்த்து எடுத்த படத்துக்கும் வேற்றுமை உண்டு. தாந்தே படங்களில் உருவங்கள் சிதைந்து பிறிதொன்றாகின்றன. அங்கே எடுத்தாளுகை மொழிபெயர்ப்புக்கு நிகர். 'புல்' என்பதிலோ பாய்பவனின் உருவமே படத்தின் உயிர். ஏற்றியவன் அதற்குச் சேர்த்தது மென்மை. எடுத்தவன் தந்தது பாய்ச்சல். மூலத்தைப் பெருமளவில் மாற்றாதவிடத்துக் கடனை ஒப்புக்கொள்ளுதல் கலைக்கு இழுக்காகாது. இப்பிரச்சினையை அவர் மாத்திரம் எதிர்நோக்கினாரல்லர். வோர்ஹோலின் மலர்ப்படங்களும் அவ்வாறே பற்றீசியா கோல்பீல்ட் என்னும் நிழற்படக் கலைஞரின் வழக்குக்கு ஆளாயின.

வழக்கினும் அதன்பின் நிகழ்ந்ததே கலைக்கு முக்கியமானது. மாணவப் பருவத்தில் அமெரிக்க நாடு முழுவதையும் அடியடியாக நிழற்படம் பிடிக்க எண்ணியிருந்த றோஷன்பேர்க், 1979 முதல் 1981 வரை பொஸ்ரன், பால்ற்றிமோர், சாள்ஸ்ரன், லொஸ் ஏஞ்சலிஸ், நியூயோர்க் முதலிய நகரங்களின் தெருக்களிலே தம் கருவியோடு நடந்தார். சாளரத்திரை, கடைப்பலகை, கைவிடப்பட்ட கதிரை, மதிலின் நிழல் ஆகியவையே அவர் எடுத்தவை; பெருங்கட்டடங்கள் அல்ல. அதன்பின் அவர் ஏற்றிய படங்கள் பெரும்பாலும் அவரே எடுத்தவை. 1984 முதல் 1991 வரை மெக்சிக்கோ, சிலி, சீனா, கியூபா, மலேசியா முதலிய பல நாடுகளில் நடத்திய கலைப்பரிமாற்றத் திட்டத்திலும் அவ்வந்நாட்டுத் தெருப்படங்கள் அவ்வந்நாட்டுப் பொருள்களின்மேல் ஏறின. பிறர் கண்ணைக் கடன்கொண்ட காலத்திலிருந்த திடுக்கிடச் செய்யும் தன்மை இவற்றிற் குறைந்துள்ளது என்று சிலர் கூறுவர். அது ஒருபுறம் உண்மையே. அறிமுகமான செய்திப்படங்களுக்குள்ள அதிர்ச்சி ஒரு கதிரைக்கு இல்லை. ஆனால் தெருவில் நடந்தவனின் கால்வலி இப்படங்களில் உளது. முன்னையவற்றில் அஃது இல்லை.

1990கள் தொட்டு அவர் நச்சாவி மிகுந்த கரைப்பான்களை விட்டு, கணினியில் அச்சிட்ட படங்களின் தாவரச் சாயத்தை வெறும் நீராலேயே தாளில் ஏற்றினார். நனைந்தமாத்திரத்தே கலங்கும் என்று மற்றையோர் ஒதுக்கிய மையை, அக்கலக்கத்துக்காகவே அவர் விரும்பினார். வர்ணங்கள் ஒன்றோடொன்று ஊறி, பழைய பேனாத்தடத்துக்குப் பதிலாக நீர்த்தடம் தோன்றிற்று. 2002இற் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தபின் இடக்கையாலும் உதவியாளரின் கைகளாலும் தொழில் நடந்தது. படங்களிற் சிலவற்றையும் உதவியாளரும் நண்பருமே எடுத்துக்கொடுத்தனர். இறுதிக்காலப் படங்களில் நிழற்படங்கள் பெரும்பாலும் சிதையாது சதுரம் சதுரமாய் நிற்கின்றன. நடுவே வெண்மை அகன்று கிடக்கின்றது. அமைதியுண்டு, ஆனால் அடுக்கு மெலிந்துவிட்டது. கை எங்கே என்று தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இவையே எதிர்மறையாய் அமைந்த சான்று. தேய்க்கும் கை தளர்ந்தபோது படமும் தளர்ந்தது.

இம்முறை இன்று பள்ளி மாணவரும் ஓய்வுபெற்றோரும் வீட்டு மேசையிற் செய்யத்தக்க அளவுக்கு எளிதாகிவிட்டது. பசையும் அச்சுப்பொறியும் மலிந்தமையால், நகரக் காட்சிகளை அடுக்கி ஆக்கிய படங்கள் ஏராளமாய் வெளிவருகின்றன. கலை பலர் கைக்கு வந்தது நன்றே. ஆயினும் அவற்றுட் பெரும்பாலனவற்றில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகின்றது. அடியிலே பழைய நிலப்படம், அதன்மேல் முத்திரை, அதன்மேல் மணிக்கூடு, அதன்மேல் பாரிசின் ஐபல் கோபுரம், எல்லாவற்றின்மேலும் தேயிலைச்சாயம் போன்ற கபில நிறம். பழைமை ஒரு வர்ணமாகப் பூசப்பட்டுள்ளதேயன்றி, ஒரு பொருள் மற்றொன்றைப் புதைத்ததனால் உண்டாகவில்லை. பாரிசுக்கு ஒருநாளும் போகாதவரின் படத்திலும் அதே கோபுரம் வருகின்றது. சிஸ்ரைன் தேவாலயத்தை அழைத்த றோஷன்பேர்க்குக்கு அதனை அழைக்க ஒரு நியாயம் இருந்தது. தம் தெருப்பலகையின் பக்கத்திலே அதனை வைத்தார் என்பதே அந்நியாயம்.

இத்தகைய படமொன்றைச் சீர்தூக்க விரும்புவோர், மேலடுக்கு மறைத்தது எதனை என்று முதலில் வினவுக. மறைப்பட்டதை எடுத்துவிட்டாலும் படம் மாறாதெனின் அவ்வடுக்கு வீணானது. எழுத்துக்களையும் உற்று நோக்குக. ஏற்றும்போது எழுத்துத் தலைமாறும் என்பதனால், முன்னரே கணினியிற் படத்தைத் திருப்பி அச்சிட்டு நேராக வரச்செய்தல் இன்றைய வழக்கம். கடையின் பெயர் வாசிக்கப்படவேண்டுமாயின் அது தக்கதே. ஆனால் எல்லா எழுத்துக்களையும் நேராக்கி, எல்லா ஓரங்களையும் செப்பனிட்டு, மூட்டத்தையும் முற்றாய்த் துடைத்தெடுத்தபின், படத்தை ஏற்றுவதற்கும் நேரே அச்சிட்டு மாட்டிவிடுவதற்கும் என்ன வேற்றுமை எஞ்சும்? தாந்தே வரிசையிலே விளம்பரச் சொற்கள் தலைமாறியே கிடக்கின்றன. அவற்றை வாசிக்க முயல்பவன் ஒருகணம் எழுத்தறியாதவனாகி, வேற்றூர்த் தெருவிற் பெயர்ப்பலகையை அண்ணாந்து நோக்கி நிற்கும் வழிப்போக்கனின் நிலையை அடைகின்றான்.